ஜிக் மெட்டும் தவிலும்: டெல்டாவில் ஆல்பம் பதிய எந்த வழி?

வரிகள் இல்லாமல், சொந்த மெட்டுகளை வாத்தியங்களில் மட்டும் வாசித்து ஆல்பம் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். நையாண்டி மேளத்தின் துள்ளலும் ‘ஜிக்’ என்ற அயர்லாந்து நடன மெட்டின் துள்ளலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருவதைக் கேட்டவர்களுக்கு இந்த ஆசை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மெட்டு தயாராக இருக்கும், ஆளும் தயாராக இருப்பார்கள். எங்கே பதிவது என்ற கேள்வியில் வந்துதான் எல்லாம் நின்றுவிடும். சென்னைக்குப் போய் ஸ்டூடியோ எடுப்பதா, வீட்டு அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்ப்பதா, இல்லை ஊரிலேயே ஒரு கூடத்தைப் பிடித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து வாசித்துவிடுவதா?

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தில் தவிலோ நாயனமோ இருந்தால், அது எங்கே மனசு வைத்து ஒலிக்கிறதோ அங்கே மைக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மற்ற வாத்தியங்கள் எங்கே வேண்டுமானாலும் வளைந்துகொடுக்கும், இவை இரண்டும் கொடுக்காது. பணம், தரம், வசதி என்று பேசுகிற எல்லா ஒப்பீடும் இதற்கு அப்புறம்தான்.

இந்தக் கலவை புதிதாக ஒட்டவைத்ததல்ல. 1775-ல் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பிய பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டுஸ்வர சாஹித்யங்கள் என்று அவற்றைச் சொல்கிறோம். சுமார் 40 உருப்படிகள். ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டு. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நடன மெட்டுகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அதே காலத்தில் தஞ்சாவூர் அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மேற்கத்திய பேண்டு ஒன்றையே வைத்திருந்தார். ஆக, ஜிக் மெட்டு காவிரிக் கரைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஜிக் போன்ற மெட்டுகளைக் கெல்டிக் இசை என்பார்கள். கெல்டிக் என்றால் அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் மட்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வேல்ஸும் பிரான்சின் மேற்கு மூலையில் உள்ள பிரெட்டனியும் சேர்த்திதான். பிரெட்டனியில் ‘பாம்பார்ட்’ என்று ஒரு குழல் இருக்கிறது. ஊதும் முனையில் இரட்டைச் சீவாளி, காதைத் துளைக்கும் கனம், திறந்தவெளியில் கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் வாசிப்பது, பக்கத்தில் இடைவிடாமல் சுருதி பிடிக்கும் பைக்குழல் ஒன்று. நாயனமும் அதற்குச் சுருதி தரும் ஒத்தும் கண்முன் வரவில்லையா? எங்கள் மெட்டுகளில் நாயனத்தை முன்வரிசையில் உட்காரவைக்கும் தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

பதிவதற்கு முன்னால் சுருதி

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஸ்டூடியோ வாடகை கட்டினால் வீண். அயர்லாந்து இசையின் சின்னக் குழலான டின் விசில் வழக்கமாக டி சுருதியில் வருகிறது, அதாவது நம் 2 கட்டை. நீளமான பாரி நாயனமும் 2 கட்டை, இரண்டரைக் கட்டையில் கிடைக்கும். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து தருகிறார்களே, 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே நாயனம்தான். வாங்குகிறபோதே 2 கட்டை என்று கேட்டுவிடலாம். குட்டையான திமிரி நாயனம் இதற்கு ஆகாது, சுருதி மேலே போய்விடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரியைப் பிரபலமாக்கியதால்தான் இன்று நமக்கு இந்த வசதி.

கிடார்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அயர்லாந்து இசைக்காரர்கள் பலர் கிடாரின் ஆறு தந்திகளையும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று கட்டிக்கொள்கிறார்கள். 2 கட்டையில் வைத்துப் பாருங்கள்: ச-ப-ச-ம-ப-ச. காந்தாரமே (‘க’) இல்லை. கிடாரின் அந்தர காந்தாரம், சுருதியோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரைச் சுருதி இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறி நிற்கும், நாயனத்தோடு சேரும்போது அது நெருடும். இந்தச் சுருதிக்கட்டில் அந்த நெருடல் தானாகவே விலகிவிடுகிறது. கர்நாடக வயலினின் ச-ப-ச-ப கட்டும் இதோடு அப்படியே பொருந்துகிறது.

மெட்டு எந்த ராகச் சாயலில் இருக்கிறது என்பதும் வாத்தியத்தை முடிவு செய்யும். சங்கராபரண, ஹரிகாம்போதி அளவுகள் டி விசிலில் சிரமம் இல்லாமல் வரும். கரஹரப்ரியா அளவில் (அவர்கள் டோரியன் என்பது) மெட்டுப் போட்டால் ‘சாதாரண காந்தாரம்’ என்ற ஸ்வரத்துக்கு அரைத்துளை மூட வேண்டியிருக்கும், வேகத்தில் கை தடுமாறும். அதற்கு சி விசில், அதாவது 1 கட்டை விசில் ஒன்று வாங்கி, அதன் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் போதும். கரஹரப்ரியா அப்படியே கைக்குள் விழும். விசில் பெரிய விலையும் இல்லை.

இன்னொன்று காலப்பிரமாணம். ஜிக் என்பது தகிட தகிட, அது ஒரு வட்டம். ஒரு பகுதி 8 வட்டம், இரண்டு முறை. அடுத்த பகுதி 8 வட்டம், அதுவும் இரண்டு முறை. ஒரு தகிடவுக்கு ஓர் அடியாக நிமிடத்துக்கு 120 அடி வைத்தால் முழுச்சுற்று 32 விநாடியில் முடிந்துவிடும். மூன்று சுற்று வாசித்தாலும் ஒன்றரை நிமிடம்தான். ஆகவே மூன்று மெட்டுகளை ஒரே கோவையாகக் கட்டி, ஒவ்வொன்றையும் மும்முறை வாசித்தால் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு தடம் கிடைக்கும். ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற அந்த இணைப்பில்தான் இந்த இசையின் உயிர் துடிக்கிறது. எந்த வழியில் பதிந்தால் அந்த இணைப்பு உடையாமல் இருக்கும் என்று பார்த்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

சென்னை ஸ்டூடியோ

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். சத்தம் புகாத அறை, விலையுயர்ந்த மைக்குகள், எந்த வாத்தியத்துக்கு எந்த மைக் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் இன்ஜினியர். ஒவ்வொரு வாத்தியமும் தனித் தடத்தில் சுத்தமாக விழும், பின்னால் திருத்துவது சுலபம். வயலின், விசில், கிடார், கஞ்சிரா என்று மென்மையான கூட்டமாக இருந்தால், அதிலும் எல்லாரும் ஹெட்போனில் தாளம் தட்டும் ‘கிளிக்’ ஒலியைக் கேட்டு வாசித்துப் பழகியவர்களாக இருந்தால், நான் யோசிக்காமல் சென்னைக்கே ரயில் ஏறச் சொல்வேன்.

தவிலும் நாயனமும் வந்தால் கணக்கு மாறுகிறது. ஸ்டூடியோ ஏசி காற்றில் சீவாளி காய்ந்துவிடும், வாசிக்கிறவர் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலை விறைத்துச் சுருதி ஏறும். நாயனம் கூரைக்கு எழும்பித் திரும்பி வரும் நாதத்தைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிற வாத்தியம். பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் அது திரும்பி வராது. வித்வான் தன் ஓசை பத்தவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி ஊதுவார், மைக் பிளிறும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், காதில் ஹெட்போன். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. சினிமாவுக்கு வாசித்துப் பழகிய வித்வான்கள் இதையெல்லாம் அநாயாசமாகச் செய்வார்கள், அதில் சந்தேகமில்லை. ஊர்க் கோயிலும் கல்யாணமுமே வாழ்க்கையாக வாசிக்கிறவரை அங்கே உட்காரவைத்து, மணிக்கணக்கு வாடகை ஓடும்போது ‘அண்ணே, இன்னொரு டேக்’ என்று கேட்பது அவருக்கும் நியாயமில்லை, மெட்டுக்கும் நியாயமில்லை.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஸ்லிப் ஜிக் என்று ஒரு வகை, 9 அட்சரம், மூன்று தகிட. தவில் வாசிக்கும் அண்ணன் முதல் தடவை கேட்டுவிட்டு, “தம்பி, ஒன்பதுன்னா சங்கீர்ணம்தானே?” என்றார். “இல்லண்ணே, மூணு தகிட” என்றேன். கொஞ்ச நேரம் தொடையில் தட்டிப் பார்த்தார். “சரி, நீ மூணு தகிடவாவே ஊது. நான் நாலும் அஞ்சுமா போறேன். சமத்துல சேர்ந்துக்குவோம்.” விசில் தகிட தகிட தகிட என்று போக, தவில் தகதிமி தகதகிட என்று அதன்மேல் சாய்ந்து ஏற, தாளம் தொடங்கும் ஒவ்வொரு சமத்திலும் இரண்டும் வந்து பொருந்தின. இடையில் அவர் என் கால் கட்டைவிரலையும் நான் அவர் குச்சியையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெட்போனில் டக் டக் என்று தகிடவின் முதல் எழுத்தில் அடித்துக்கொண்டே இருக்கும் கிளிக்கை வைத்திருந்தால் அந்த நாலும் அஞ்சும் அவருக்குத் தோன்றியே இருக்காது என்று நினைக்கிறேன். அந்த மெட்டுக்கு இன்று கிடைத்திருக்கும் உருவமே அதுதான்.

செலவைப் பொறுத்தவரை ஒன்று மட்டும். தஞ்சாவூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 340 கிலோமீட்டர். ஆறேழு பேருக்குப் பயணம், தங்கல், சாப்பாடு, வேலை இழப்புக்கு ஈடு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிவிட்டு, அப்புறம் ஸ்டூடியோ வாடகையைப் பாருங்கள். வாடகையை மட்டும் விசாரித்துவிட்டு ‘கட்டுப்படியாகும்’ என்று சொல்லக் கூடாது.

டெல்டா ஊர்களிலேயே பக்திப் பாடல்களும் விளம்பரங்களும் பதிகிற சின்ன ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. குரலுக்கும் கீபோர்டுக்கும் கட்டிய அறைகள். விசில், கிடார் மறுபதிவுக்கு வாடகைக்கு எடுக்கலாம். தவிலுக்குக் கூரை போதாது.

வீட்டு அறை

இன்றைக்கு மிகவும் மலிவான வழி இது. இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ், ஒரு கண்டன்சர் மைக், மூடிய ஹெட்போன், மடிக்கணினியில் ரீப்பர் போன்ற மென்பொருள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியலாம். நேரம் நம் கையில். விசிலில் ஒரு வளைவு சரியாக வரவில்லையா, நாளைக்கு மறுபடி ஊதலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

அறையைத்தான் கவனிக்க வேண்டும். சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருக்கும் அறையில் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், கிர்ரென்று ஒரு நடுக்கம் கேட்கும். அந்த நடுக்கம் பதிவில் விழுந்தால் எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியாது. கோரைப்பாயை மாட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது மெல்லியது, மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான். இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்திவையுங்கள், உண்மையில் வேலை செய்யும். அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் அதைவிட நல்லது. மேடும் பள்ளமுமாக அடுக்கிய சாக்குகள் ஒலியைச் சிதறவும் வைக்கும், கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும்.

கரண்ட் விஷயம் இன்னொன்று. நிறைய வீடுகளில் இருக்கும் சதுர அலை இன்வெர்ட்டர், மின்சாரம் போய் அது எடுத்துக்கொண்டதும் பதிவில் ஒரு இரைச்சலைப் போட்டுவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியின் சொந்த பேட்டரியில் பதியுங்கள். பாதி ரீங்காரம் அதிலேயே போய்விடும். விசிலுக்கு மைக்கை ஓர் அடி தள்ளி, ஊதுகாற்று நேராக அடிக்காதபடி வாய்க்குச் சற்று மேலே பிடிக்க வேண்டும். கிடாருக்கு ஒலித்துளையின் எதிரே வைக்காமல், கழுத்தும் உடலும் சேருகிற இடத்தைக் குறிவைத்தால் கீழ்ஸ்தாயி கும்மென்று வீங்காது.

இந்த வழியின் குறை தரத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. ஒருவர் வாசித்ததன் மேல் இன்னொருவர் வாசிக்கும்போது, இரண்டாமவர் முதல்வரைப் பின்தொடரலாம், முதல்வர் இரண்டாமவருக்கு இடம் கொடுக்க முடியாது. மெதுவான ராகச் சாயல் மெட்டுகளுக்கு, அவர்கள் ஸ்லோ ஏர் என்பதற்கு, இது பெரிய குறையே இல்லை. ஒற்றை விசில், அடியில் சுருதிப்பெட்டி, வேறென்ன வேண்டும்? துள்ளல் மெட்டுகளில் குறை உடனே தெரியும். எல்லாம் சரியாக இருக்கும், யாரும் யாரையும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

ஊர்க் கூடம்

கூடம் என்றதும் கோயில் மண்டபம்தான் எல்லாருக்கும் நினைவு வரும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஒற்றை நாயனத்துக்கோ ஒற்றை விசிலுக்கோ கல்மண்டபம் தரும் நாதத்தை வேறெங்கும் வாங்க முடியாது. ஜிக்குக்கு அது எதிரி. நான் மேலே சொன்ன வேகத்தில் விநாடிக்கு 6 ஸ்வரம் ஓடுகிறது. எதிரொலி இரண்டு விநாடி நின்றால் 12 ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும், மெட்டு கரைந்துபோகும். அறநிலையத் துறையிடமோ, தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடமென்றால் தொல்லியல் துறையிடமோ அனுமதியும் வாங்க வேண்டும். வௌவாலும் உண்டு. தஞ்சை அரண்மனையின் சங்கீத மகால் போல ஒலிக்காகவே கட்டிய இடங்களுக்குள் போகிற வாய்ப்பு கிடைத்தால் காதைத் தீட்டிக்கொண்டு போய் வாருங்கள், கூரையின் உயரம் நாதத்துக்கு என்ன செய்கிறது என்பது உடம்பில் ஏறும்.

நான் தேடுவது பழைய நாட்டு ஓட்டு வீடு. உயரமான சாய்வுக் கூரை, மரத்தூண், சிவப்புத் தரை, நீளமான ஓட்டுக்கூடம். சாய்ந்த ஓடும் தூண்களும் ஒலியை ஒரே திசையில் திருப்பி அனுப்பாமல் உடைத்துப் போடுகின்றன. தவிலின் இடப்பக்கமான தொப்பி கும்மென்று நிற்கும், நீளாமல் அடங்கும். நாயனத்துக்குத் தலைக்கு மேலே போதுமான இடம் இருக்கும். திறந்த முற்றம் இருந்தால் கூடுதல் நல்லது, கொஞ்சம் ஒலி மேலே போய் வானத்தோடு கலந்துவிடும், திரும்பி வந்து தொந்தரவு செய்யாது. முற்றத்து வழியாகக் குயிலும் அணிலும் உள்ளே வருவதை மெதுவான மெட்டுகளில் நான் அப்படியே விட்டுவிடுவேன். கிராமங்களில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. சாவி வைத்திருக்கும் பெரியவரிடம் மரியாதையாகக் கேட்டு, வீட்டைக் கூட்டி மெழுகித் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

உட்காருவது லாட வடிவத்தில். ஒரு முனையில் தவில், எதிர்முனையில் விசிலும் கிடாரும், நடுவில் வயலினும் நாயனமும். நாயனத்தின் ஒலி அதன் விரிந்த வாயான அணைசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்த துளைகளிலிருந்தும் வருகிறது. அணைசுக்கு நேராக மைக் வைத்தால் சில ஸ்வரங்கள் மட்டும் பாய்ந்து அடிக்கும். ஆறேழு அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். தவிலுக்கு இரண்டு பக்கமும் தனித்தனி மைக் வைக்க ஆசை வரும். நல்ல கூடத்தில் எதிரே மூன்றடி தள்ளி ஒன்றே போதும் என்பது என் அனுபவம், தொப்பியும் வலந்தலையும் அங்கே தாமாகவே கலந்துவிடுகின்றன. மைக்குக்கும் வாத்தியத்துக்கும் எவ்வளவு தூரமோ அதைப் போல் மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கிடையே இருக்க வேண்டும் என்பது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய விதி. கூடம் நீளமாக இருந்தால்தான் அது சாத்தியம். லாடத்தின் வாய்க்கு வெளியே, ஆளுயரத்துக்கு மேலே ஸ்டீரியோவாக இரண்டு மைக். ஆல்பத்தின் முக்கால்வாசி ஓசை அந்த இரண்டிலிருந்துதான் வரும்.

இதற்கெல்லாம் பெரிய கருவி தேவையில்லை. ஜூம் எச்6 போல ஆறு தடம் பதிகிற, பேட்டரியில் ஓடும் கைக்கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை. தவிலுக்கு எதிரே விசில் எடுபடாது என்பது நிஜம். அதற்காக விசில்காரரைக் கூடத்திலிருந்து வெளியே அனுப்பிவிடக் கூடாது. அவர் அங்கேயே உட்கார்ந்து வாசிக்கட்டும், தவிலுக்கு மெட்டு வேண்டும். பிறகு அவர் பகுதியை மட்டும் வீட்டில் மறுபடி ஊதிச் சேர்த்துக்கொள்ளலாம். கூடவே இருந்து வாசித்தவருக்குக் கிளிக் இல்லாமலே எங்கே இழுப்பு, எங்கே தளர்வு என்று தெரியும்.

அவ்வளவும் சரி, எப்போது? டெல்டாவில் இதுதான் பெரிய கேள்வி, இதற்கு விடை பஞ்சாங்கத்திலும் வயலிலும் இருக்கிறது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் ஆனி, ஆடியில் குறுவை வேலை மும்முரம், மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார்கள் ஓடும். ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி, நையாண்டி மேளக்காரர்கள் கையில் கிடைக்கவே மாட்டார்கள். புரட்டாசியில் முகூர்த்தம் குறைவு, வித்வான்கள் கிடைப்பார்கள், ஆனால் குறுவை அறுவடை மிஷின் தெருக்கோடியில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை: ஓட்டின்மேல் மழை, ராத்திரியானால் தவளை, தோல் தொய்ந்துபோகும். தை பிறந்தால் முகூர்த்தம், சம்பா அறுவடை இரண்டும் சேர்ந்து வரும். பங்குனிக்குத் திருவிழா, சித்திரை வைகாசிக்கு மறுபடி கல்யாணம், அதோடு மின்விசிறியை நிறுத்தினால் உட்கார முடியாத வெயில்.

மிஞ்சுவது மார்கழி. முகூர்த்தம் கிடையாது, சம்பா கதிர் பிடித்து நிற்கும், மிஷினுக்கு வேலையில்லை. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். விடியற்காலை ஒலிபெருக்கி ஏழு எட்டு மணிக்குள் அடங்கிவிடும். கோயில் முறை வாசிக்கிற நாயனக்காரர் காலைப் பூஜை முடிந்து பத்து மணிக்கு மேல் வந்துவிடலாம், சாயரட்சைக்கு முன் திரும்பிவிடலாம். மின்விசிறி இல்லாமல் உட்காரலாம். பத்திலிருந்து நாலு வரைக்கும் டெல்டா கிராமம் மார்கழியில் இருக்கிற அமைதியில் வேறெந்த மாதத்திலும் இருப்பதில்லை. மார்கழியில் சென்னை சபாக்களுக்குப் போகிறவர்கள் குழுவில் இருந்தால் மட்டும் தேதியை முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

கூடத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. எல்லா மைக்கிலும் எல்லா வாத்தியமும் கொஞ்சம் கேட்கும். ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும், ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடுங்கி மாற்ற முடியாது. ஆகவே ஒத்திகை முழுதாக முடிந்திருக்க வேண்டும். ஸ்டூடியோவில் உட்கார்ந்து மெட்டை யோசித்துக்கொள்ளலாம் என்கிற குழுக்களுக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

பதிவு இசையையே மாற்றிவிடும் என்பதற்கு அயர்லாந்திலேயே சாட்சி இருக்கிறது. ஸ்லைகோ பகுதியிலிருந்து அமெரிக்கா போன மைக்கேல் கோல்மன் என்ற ஃபிடில் கலைஞர் 1920-களில் நியூயார்க்கில் இசைத்தட்டுகள் கொடுத்தார். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். அந்தத் தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போனபோது ஊர் ஊராக வெவ்வேறு பாணியில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பலர் அவர் பாணிக்கும் அவர் கோத்த மெட்டு வரிசைக்கும் மாறிவிட்டார்கள். நம் பக்கம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு நாயன உலகத்தில் செய்ததும் இதற்குக் குறைந்ததல்ல. நாம் பதிவதை நாளைக்கு ஒரு பையன் கேட்டு அப்படியே பிடித்துக்கொள்வான். கிளிக்குக்கு ஒட்டிய தவிலைப் பிடித்துக்கொள்வானா, நாலும் அஞ்சுமாகச் சாய்ந்த தவிலையா என்பது நாம் இப்போது எடுக்கும் முடிவில் இருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

நான் தேர்ந்துகொண்டது

தவில், நாயனம் வரும் துள்ளல் மெட்டுகள் எல்லாம் ஓட்டுக் கூடத்தில், சேர்ந்து உட்கார்ந்து. விசில், கிடார் மறுபதிவும் மெதுவான மெட்டுகளும் வீட்டு அறையில். பதிந்த தடங்களைச் சேர்க்கும் கலவை (மிக்ஸிங்) மட்டும் சென்னையில், நல்ல இன்ஜினியர் கையில். சென்னைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை அங்கேதான் கொடுக்க வேண்டும் என்பேன். பதிவில் வந்த குறையைப் பாதியாவது காப்பாற்றுகிறவரும், நல்ல பதிவைக் கெடுக்கக்கூடியவரும் அவர்தான். தவிலும் நாயனமும் இல்லாத குழுவாக இருந்தால் இந்த வரிசையே வேறு: எல்லாவற்றையும் சென்னையில் முடித்துக்கொள்ளுங்கள்.

மைக்கை எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு காகிதம் எழுதிக்கொள்ள வேண்டும். 1957-ம் ஆண்டுச் சட்டப்படி மெட்டின் பதிப்புரிமை இசையமைத்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு. வாசிக்கிறவருக்கும் வாசித்தவர் என்ற முறையில் 50 ஆண்டு உரிமை இருக்கிறது. தவில் அண்ணன் போட்ட நாலும் அஞ்சும் அந்த மெட்டின் பகுதியா, இல்லையா? நான் அவர் பெயரையும் இசையமைப்பில் சேர்த்தே எழுதினேன், சம்பளம் அன்றன்றைக்கே கையில். வருகிற பங்கு எப்படிப் பிரியும் என்பதை எல்லாரும் படித்துக் கையெழுத்திட்டோம். அயர்லாந்தின் பழைய மெட்டு ஏதாவது இடையில் சேர்த்தால் அதை ‘மரபு மெட்டு’ என்று தெளிவாகக் குறிக்க வேண்டும், சொந்தம் என்று போடக் கூடாது.

கலவைக்குக் கொடுக்கும்போது இன்ஜினியரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கொடுங்கள். தவில் தடத்தை வெட்டிக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கக் கூடாது. நாயனத்தின் கமகத்தின் மேல் சுருதி திருத்தும் மென்பொருளை ஓட்டக் கூடாது. கூடத்து மைக் இரண்டையும் முதலில் உயர்த்திவைத்துக் கேட்டுவிட்டு, மற்ற மைக்குகளை அதன் அடியில் தேவைக்கு மட்டும் சேர்க்க வேண்டும். முதல் கலவை வந்ததும் தவில் வாசித்தவரையும் நாயனக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள். அவர்கள் முகம் சுளிக்கிற இடத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலை அப்படியே சென்னைக்கு அனுப்புங்கள்.